ஒன்பதாவது பட்டை

கோபிக்கு மேலே சாலையைப் பனி மூடி
இன்றோடு மூன்று நாள்.
முன்னால் நாற்பது லாரி.
பின்னால் எத்தனை என்று எண்ணப் போனவன்
பாதியில் குளிர்ந்து திரும்பிவிட்டான்.
என் வண்டியில் பதினோராயிரம் ரோஜாக்கள்,
மார்ச் எட்டுக்குள் மாஸ்கோவில் இருக்க வேண்டியவை.
இன்று ஐந்து.
கதவில் சுங்க முத்திரை. பூவை நான் பார்க்க முடியாது;
அதன் குளிரை மட்டும் பார்க்கிறேன்,
முள் நான்கில் நிற்கிறதா என்று,
மணிக்கு ஒருமுறை.

மல்காஸ் ஜார்ஜியன், அவன் வண்டியில் மினரல் வாட்டர்.
தாலாய் கிர்கிஸ், துருக்கித் திரைச்சீலை ஏற்றி வருகிறான்.
சீட்டுக்கட்டு முதல் நாளே சண்டையில் கிழிந்தது.
கிழித்தவன் பெயரை நான் சொல்லப்போவதில்லை.

அப்போதுதான் இருக்கைக்கு அடியில் தட்டுப்பட்டது
என் மகள் ஷோகிக் மறந்து விட்டுப்போன பை.
கறுப்புத் தாள், மஞ்சள் தாள்,
தலைமுடி ஒட்டிய பசைக்குச்சி,
முயல் படம் போட்ட மொண்ணைக் கத்தரிக்கோல்.
அதன் வளையத்தில் என் கட்டைவிரல் நுழையவில்லை.
சுண்டுவிரலை விட்டு வெட்டினேன்.

கட்டம் கட்டமாக வெட்டி ஒட்டலாம் என்றான் மல்காஸ்.
அறுபத்து நான்கு முறை கோணலாக வெட்டுவானேன்?
பட்டை பட்டையாய் நறுக்கினோம்.
கறுப்பு பாவு, மஞ்சள் ஊடு.
ஒன்றின் மேல், ஒன்றின் கீழ்.
அடுத்த பட்டைக்குக் கீழ், பிறகு மேல்.
யாரும் வரையாமலே
கட்டங்கள் தாமாக எழுந்து வந்தன.
மூன்று தடியர்களும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிஸ்கட் அட்டையில் ஒட்டி, பசை காய்ந்த பிறகுதான்
தாலாய் விரல் வைத்து எண்ணினான்.
எட்டுக்கு ஒன்பது.

மலைமேல் ஒரு நிமிடம் சிக்னல் வந்தது.
"எண்ணத் தெரியாதா அப்பா?" என்றாள் ஷோகிக்.
"என் மஞ்சள் தாள் எல்லாம் தீர்ந்துபோச்சா?"
சிக்னல் போய்விட்டது என்று சொன்னேன்.
போகவில்லை.

ஜன்னல் ஓரத்து ஒன்பதாவது வரிசை
தேநீர்க் குவளைகளுக்கு என்று முடிவாயிற்று.
யார் காயும் அங்கே கால் வைக்கக் கூடாது.

அவன் சிப்பாய்கள், பாட்டில் மூடிகள்.
என் சிப்பாய்கள், சர்க்கரைக் கட்டிகள்
(இரண்டைத் தாலாய் மறதியாய்க் கரைத்துக் குடித்துவிட்டான்).
ராஜாவுக்குச் சக்கரத் திருகாணி. ராணிக்கு எரிந்துபோன ஃப்யூஸ்.
குதிரை வேண்டும் என்று இருவரும் தாலாயைப் பார்த்தோம்.
"நான் பிஷ்கெக்கில் ஐந்தாம் மாடியில் பிறந்தவன்,
குதிரை என்னைக் கடித்ததோடு சரி" என்றான்.
ஆனாலும் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளை முறுக்கினான்.
நான்கு நாய்கள் வந்தன. போதும் என்றோம்.

குறுக்கே ஓடும் காயில் மறுபடி சண்டை.
எங்கள் ஊரில் அது யானை.
மல்காஸ் சத்தியம் செய்தான், அது ஆமை.
அவன் மொழியில் அப்படித்தானாம்.
ஆமை எந்த ஊரில் இப்படிப் பாயும்?
உன் யானை மட்டும் சாய்வாக நடக்குமா என்றான்.
விடியும்வரை
அவன் ஆமையும் என் யானையும்
ஒரே மாதிரி போல்ட்டுகளாக
ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன.

ஏழாம் தேதி, அதிகாலை நான்கு மணி, ஹாரன் சத்தம்.
பாதை திறந்துவிட்டது.
இருபத்து மூன்றாம் நகர்த்தலில் ஆட்டம்.
மல்காஸ் ஓடிப்போகும் முன் பலகையைப் படம் எடுத்தான்.
திருகாணி அதன் சக்கரத்துக்குப் போனது.
சர்க்கரை, சர்க்கரையாயிற்று.

ரோஜாக்கள் ஒன்பதாம் தேதி போய்ச் சேர்ந்தன, பாதி விலைக்கு.
இறக்கியவன் ஒரு கத்தையை என் கையில் திணித்தான்.
தலை தொங்கியிருந்தது, பூவுக்கும் அவனுக்கும்.

திரும்பும் வழியில், வரோனெஷ் தாண்டி டீசல் போடும்போது
மல்காஸின் செய்தி:
ஆமை, ஒன்பதாவது வரிசைக்கு.

பலகை ஸ்டியரிங்கின் மேல் இருந்தது.
நெடுநேரம் யோசித்துப் பதில் எழுதினேன்:
முடியாது. அங்கே என் டீ இருக்கிறது.